மாதிரி முகவரி

சர்ர்ர்ர். பிறகு ஒரு நிறுத்தம். மறுபடியும் சர்ர்ர்ர். மாடிப்படியில் யாரோ எதையோ இழுத்துக்கொண்டு ஏறுகிற மாதிரி இருந்தது. ஆனால் கனமான சாமான் என்றால் கூடவே முக்கலும் மூச்சிரைப்பும் வருமே, அது இல்லை. காற்றைக் கட்டி இழுத்து வருகிற மாதிரி ஒரு சத்தம். சங்கரியின் விரல்கள் லேப்டாப் மேல் அப்படியே நின்றன. திரையில் 'பாடம் ஒன்று: முதலில், பயப்பட வேண்டா' என்பதோடு வரி அறுந்து கிடந்தது. சத்தம் வாசலுக்கு நேரே வந்து ஓய்ந்தது. பொத்தென்று எதையோ வைத்தார்கள். கதவைத் தட்டவில்லை, அழைப்பு மணி அடிக்கவில்லை, 'அக்கா' என்றோ 'சார்' என்றோ ஒரு குரல்கூட இல்லை. திடீரென்று கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக வெள்ளை வெளிச்சம் ஒன்று பளிச்சென்று வீட்டுக்குள் பாய்ந்து, பாயில் தூங்கிய பிள்ளை தாமிராவின் பாதம் வரை வந்து, அணைந்துபோனது. செருப்புக் கால்கள் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கின. கீழே ஒரு பைக் உதைபட்டுக் கிளம்பியது. அவ்வளவுதான். மின்விசிறி பழையபடி கிடுகிடுத்தது. பிள்ளை தூக்கத்தில் ஒரு சப்புக் கொட்டியது. சங்கரியின் வாயில் தன்னால் வந்தது வீட்டுச் சாமி பேர் இல்லை, கான்வென்ட் அசெம்பிளியில் கண்ணை மூடி நின்று சொல்லிப் பழகிய ஜெபம். பாதியில் மறந்தும்போனது. மறந்த இடத்திலேயே நின்று அவள் அந்த வெளிச்சத்தை நினைத்தாள். எதற்கு வெளிச்சம்? பூட்டைப் பார்க்கவா? உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கவா? மணி இன்னும் எட்டுகூட ஆகவில்லை. தெருவில் டிவி சத்தம் கேட்கிறது. எதிர்வீட்டில் தோசை வார்க்கிறார்கள். இப்படி ஊர் முழித்துக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் ஒருத்தி வீட்டுக்குள் குலை நடுங்கி உட்கார்ந்திருக்க வேண்டுமென்று இருக்கிறது.

தாழ்ப்பாளைப் போட்டுவிடலாம். எழுந்து நாலு எட்டு வைத்து, கையை உயர்த்தித் தள்ளினால் முடிந்தது. அதைத்தான் அவளால் செய்ய முடியாது. பிள்ளை பிறந்த புதிதில் ஒருநாள் குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு குளிக்கப் போனவள், தலைக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றியது வரைதான் ஞாபகம், அப்புறம் தரை ஈரமாகக் கன்னத்தில் ஒட்டியிருந்தது, எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள் இருந்து கேட்கிற மாதிரி, தாமிரா அழுதுகொண்டிருந்தாள், எழுந்து தாழ்ப்பாளைத் தொடக் கை வரவில்லை. புருஷன் சண்முகவேல் தற்செயலாக அன்றைக்கு லீவு. கதவை உடைத்தான். லீவு இல்லையென்றால்? அந்த 'இல்லையென்றால்' என்ற சொல்லில் வந்து அவள் மனசு மாட்டிக்கொள்ளும், கொக்கியில் மாட்டின சேலை மாதிரி, இழுத்தால் கிழியுமே தவிர வராது. அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடுவது கிடையாது. வாசல் கதவில் சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற பூட்டு ஒன்று, அதன் இன்னொரு சாவி கீழே ஹவுஸ் ஓனர் அத்தையிடம். 'நீங்க கூப்பிட்டும் நான் எடுக்கலேன்னா திறந்துட்டு வந்துருங்க அத்தை' என்று சொல்லி வைத்திருக்கிறாள். அந்த அத்தையும் இன்றைக்குச் சங்கரன்கோவிலில் கல்யாணம் என்று குடும்பத்தோடு போயாயிற்று. கீழே இருட்டு. ஆக, தாழிட்டால் உள்ளே பயம், தாழிடாவிட்டால் வெளியே பயம். இப்படிப்பட்டவள் எட்டுப் பத்துப் பெரியவர்களுக்கு ஆன்லைனில் பொருள் வாங்கச் சொல்லிக்கொடுக்கப் பாடம் எழுதுகிறாள், அதில் முதல் வரி பயப்பட வேண்டாம். வெட்கமாக இல்லை? அந்த வரியை அழித்தாள். 'வணக்கம்' என்று அடித்தாள். அதையும் அழித்தாள்.

போன் போட்டதும் சண்முகவேலின் குரலுக்கு முன்னால் காற்றுதான் பேசியது. கயத்தாறுப் பக்கம் காற்றாலையில் வேலை அவனுக்கு. சீசன் வந்துவிட்டால் வாரக்கணக்கில் அங்கேயே கிடை. "இங்கேருங்க, வாசல்ல எவனோ என்னமோ வச்சிட்டுப் போயிருக்கான்." "எவன்?" "தெரிஞ்சா உங்களுக்கு எதுக்குப் போன் போடுதேன்?" "கதவைத் திறந்து பாரேன்ட்டி." "குண்டு கிண்டா இருந்தா?" "ஆமா, நீ பெரிய மந்திரி, உனக்குக் குண்டு வைக்கத்தான் ஆள் அலையுதான்." காற்று அவன் சிரிப்பை அள்ளிக்கொண்டு போனது. "வெளிச்சம் அடிச்சான்ங்க. கதவுக்கு அடியில." "ஏட்டி, இங்க ரெண்டு காத்தாடி சுத்தாம நிக்கி, இஞ்சினியரு தலைகீழா நிக்கான். தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் பேசாம படு. என்ன?" தாழ்ப்பாளைப் போடு. எவ்வளவு லேசாகச் சொல்கிறான். அன்றைக்குக் கதவை உடைத்த தோளில் இன்னும் தழும்பு இருக்கிறது, ஆனால் ஞாபகம் இல்லை. ஆண்களுக்குத் தழும்போடு காரியம் முடிந்துவிடுகிறது.

நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும். மத்தியானத்தில் ஒருவன், சாயந்தரத்தில் வேறொருவன், முதுகில் மூட்டை மாதிரி பை. ஜன்னல் வழியாகத்தான் பேசினாள். "திரவியம் சார் வீடுதானே?" "அப்படி யாரும் இங்க இல்ல." "அட்ரஸ் இதாங்க்கா போட்டிருக்கு." "இல்லேங்கேன்லா, போங்க." அடுத்தவன் ஏதோ பிச்சம்மாள் என்றான். இன்னொருவன் பேரே சொல்லாமல் "பார்சல்" என்றான். பார்சல் என்று சொல்லிக்கொண்டு பகலில் வந்து நோட்டம் பார்த்துவிட்டு, ஆம்பிளை இல்லாத வீடு எது என்று தெரிந்துகொண்டு வருவார்களாம். குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா அனுப்பியிருந்தார், நாலு கூப்பிய கை பொம்மையோடு. இதற்கிடையில் போனில் தெரியாத நம்பர்கள் ஓயாமல் வந்தன, எதையும் எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதீர்கள் என்பது அவளே எழுதிய பாடம் நான்கு. மூன்று பேரையும் விரட்டியாயிற்று. இன்றைக்கு நான்காமவன் தட்டவே இல்லை, கேட்கவே இல்லை, வைத்துவிட்டு வெளிச்சம் அடித்துவிட்டுப் போய்விட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் அது உட்கார்ந்திருக்கிறது. இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் பலகை ஒன்று.

சரி, எழுது. நாளைக்குக் காலையில், அவள் வகுப்பு எடுக்கிற மூத்தோர் மன்றத்தில் கூட்டம். பாடத்தை முதலிலிருந்து திருத்தி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் ஒருவேளை. ஒருவேளை என்ன ஒருவேளை, மன்றத் தலைவர் ஆறுமுகநயினார் முடிவே சொல்லியாயிற்றே. பேங்கு மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், வாய்ஸ் மெசேஜிலும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தேதான் பேசுவார். 'பாப்பா, ஒரு ஆளுக்கும் ஒரு சாமானும் வரல கேட்டியா. ரயில்வேக்காரர் போட்ட டார்ச்சு வரல, எங்க வீட்டம்மா போட்ட இட்லித் துணி வரல. கேட்டா ஆள் இல்லைன்னு திரும்பிப் போச்சாம். நாங்க எங்கம்மா போறோம், இந்த வயசுல? ஆஸ்பத்திரியை விட்டா வீடு. இது ஏமாத்து வேலைன்னு நான் அன்னைக்கே சொன்னேன். நாளைக்கு மீட்டிங்ல இதை முடிச்சுக்கிடுவோம். உன் மேல தப்பு இல்ல, நீ சின்னப்பிள்ளை.' சின்னப்பிள்ளை. இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவள் சின்னப்பிள்ளை. தப்பு என் மேல் என்று திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு பால், துணி, பால், துணி என்று கிடந்தவள் வாரத்தில் இரண்டு நாள் சேலை கட்டி, தலை பின்னி, ஒரு கூடம் நிறையப் பேர் தன்னைப் பார்த்து உட்கார்ந்திருக்க நின்று பேசினாள். அது போய்விடும். போனால் இந்த வீடும் இந்தக் கதவும்தான் மிச்சம். அந்தக் கூடத்தில்தான் என்ன கூத்து! 'கூடையில் போடு' என்று இருக்கிற இடத்தை அழுத்துங்கள் என்றால், "கூடை வீட்ல இருந்து கொண்டாரணுமாம்மா?" என்று கேட்டார் ஒருவர், அவருடைய சம்சாரம், "ஆமா, மஞ்சப்பையும் கொண்டாங்க" என்றாள். ரயில்வே மாமா ஒவ்வொரு தடவை அழுத்திய பிறகும் போனைக் காதில் வைத்து ஏதாவது சொல்கிறதா என்று கேட்பார். கண்ணாடி அத்தை, கடைக்காரனுக்கு எழுதுகிற பெட்டியில், 'தம்பி, பார்த்துக் கொறச்சுப் போடு, அடுத்த தடவையும் உன்கிட்டதான் வாங்குவேன்' என்று அடித்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். எல்லாரும் மாமா, எல்லாரும் அத்தை. அவர்கள் பேர்கூட அவளுக்குத் தெரியாது. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தாள். யாருக்குமே வரவில்லை என்றால் எப்படி? ஒன்றிரண்டு தவறலாம். மொத்தமும் எப்படி? பாடத்தில் எங்கோ ஓட்டை. எந்த இடத்தில்? மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். வெளிச்சம் வந்த இடுக்கைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

வகுப்புக்கு வந்த எல்லாரிலும் பேர் தெரிந்த ஒரே ஆள் எமில்டா மிஸ். ஐந்தாம் வகுப்பில் கையெழுத்தும் தையலும் எடுத்தவர். இன்றைக்கும் அவரைப் பார்த்தால் சங்கரியின் நகம் தானாக உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும். வகுப்பில் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, போனில் நேரடியாக எதையும் செய்யாமல், எல்லாவற்றையும் முதலில் நோட்டில் எழுதி, அதைப் பார்த்துத்தான் போனில் அடிப்பார். அவர் வீட்டைச் சங்கரி கடந்து போயிருக்கிறாள், கோயிலுக்குப் பின் தெருவில், காலை மாலை எப்போது போனாலும் கதவு திறந்தே கிடக்கும். வாதம் வந்து படுத்த அவர் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் சார் கட்டிலில், தெருவைப் பார்த்த மாதிரி. கதவைச் சாத்தினால் நாற்றம் உள்ளே தங்கிவிடுகிறது, திறந்து வைத்தால் தெருவே உள்ளே வந்துவிடுகிறது. போகிற வருகிற எல்லாரும் வாசலில் நின்று, "இப்பம் எப்படி இருக்காரு?" என்று அவரைக் கேட்காமல் மிஸ்ஸைக் கேட்டுவிட்டு, மூக்கை மூடலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்பார்கள். கணக்கு வாத்தியார். நாலு தெரு தள்ளிக் கேட்கிற குரல். வேட்டி நனைந்தது தெரிந்துவிடக் கூடாதென்று போர்வையை நல்ல கையால் இழுத்துக்கொண்டே இருப்பாராம். போன வகுப்பு முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போனபோது மிஸ் பக்கத்தில் வந்தார், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சந்தேகம் கேட்க வருகிற மாதிரி. "சங்கரி, வர்ற பெட்டி மேல என்ன சாமான்னு எழுதியிருப்பானா?" "இல்ல மிஸ்." "படம்?" "அதுவும் இருக்காது மிஸ், வெறும் அட்டைப்பெட்டிதான். என்ன மிஸ் வாங்குறீங்க?" மிஸ் சுற்றிலும் பார்த்தார். "பெரியவங்களுக்கு... உன் பிள்ளைக்குப் போடுறியே, அது மாதிரி." தாமிராவின் இடுப்பைக் கண்ணால் காட்டினார். "மெடிக்கல்ல கேக்கலாம்தான். அங்க நிக்கிறவன் சார்கிட்ட கணக்குப் படிச்சவன்." அப்புறம் நேற்று ஒரு வாய்ஸ் மெசேஜ், யாருக்கும் கேட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு பேசினது. 'மிஸ் பேசுறேன்மா. அது இன்னும் வரல. என் மேல ஏதும் தப்பா? நான் சரியாத்தானே அடிச்சேன்?' அதற்கு இன்னும் சங்கரி பதில் போடவில்லை. என்ன என்று போடுவது?

சரியாத்தானே அடிச்சேன். அந்தக் கேள்வி எங்கோ இடறியது. மிஸ் தப்பாக அடிக்க மாட்டார். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் இருப்பதை எழுதும்போது ஒரு கமா விட்டுப்போனால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதச் சொல்வார். உள்ளது உள்ளபடி, அதுதான் அவர் வாய்ப்பாடு. அன்றைக்கு வகுப்பில் முகவரிப் பாடம் நடத்தும்போது சங்கரி குறும்பாக அதையே எடுத்துச் சொன்னாள். புரொஜெக்டரில் இருந்து பாடம் சுவரில் விழுந்தது, "நான் எப்படிப் போட்டிருக்கேனோ அப்படியே அடிங்க, உள்ளது உள்ளபடி" என்றாள், மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்தாள், மிஸ்ஸும் முகம் மலர நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுதி முடித்து நோட்டைத் தூக்கிக் காட்டினார். முத்து முத்தான எழுத்து. சங்கரி அழகைப் பார்த்தாளே ஒழிய எழுத்தைப் பார்க்கவில்லை. வெரி குட் மிஸ் என்றுவிட்டாள். இப்போது பாடம் மூன்றைத் திறந்தாள். பக்கத்தின் தலைப்பில், நீலத்தில், 'மாதிரி முகவரி'. அதற்குக் கீழே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'உங்கள் பெயர்'. அதற்கும் கீழே, 12, மாடி, வேப்பங்குளம் இரண்டாம் தெரு, பாளையங்கோட்டை. அடியில் ஒரு செல் நம்பர். பொய் முகவரி போட்டால் செயலி ஏற்றுக்கொள்ளவில்லை என்று, ஒரு கையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு மறு கையால் தன் வீட்டு விலாசத்தையும் தன் நம்பரையுமே அடித்தது நினைவுக்கு வந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்ததும். மாதிரி என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி என்றாள். அவர்களும் உள்ளது உள்ளபடி அடித்திருக்கிறார்கள், ஆயுள் முழுக்கப் பலகையைப் பார்த்து எழுதியும் எழுத வைத்தும் பழகினவர்கள், ஒரு புள்ளி பிசகாமல், தங்கள் தங்கள் பேரைப் போட்டு, அவள் வீட்டை. திரவியம் சார். அவர் ரயில்வே மாமாவா? பிச்சம்மாள் யார், கண்ணாடி அத்தையா, இட்லித் துணியா? டார்ச்சு வந்தது, விரட்டினாள். இட்லித் துணி வந்தது, அப்படி யாரும் இல்லை என்றாள். போன் அடித்தது, பாடம் நான்கு என்று கட் பண்ணினாள். ஏமாற்று வேலை என்று ஆறுமுகநயினார் சொன்னது இத்தனை நாளும் இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் பார்த்த வேலை. அழுகை வருகிற மாதிரி இருந்தது, சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது. அப்படியென்றால் அந்த வெளிச்சம்? போட்டோ! வைத்துவிட்டேன் என்று காட்டப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மற்ற மூன்று பேரும் தட்டித் தட்டி அலுத்துப்போன வீட்டுக்கு வந்த நாலாவது ஆள். அப்படியென்றால் அந்தச் சத்தம், பெரிதாக, ஆனால் கனமே இல்லாமல்...

எழுந்தாள். கதவைத் திறந்தாள். திறந்த பிறகுதான் பயப்படவில்லையே என்று தோன்றி, அதற்காகக் கொஞ்சம் பயந்தாள். அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி நின்றது. படம் இல்லை, எழுத்து இல்லை, மேலே ஒட்டின சீட்டில் எமில்டா தனிஸ்லாஸ், அதற்குக் கீழே அவள் விலாசம், கமாவோடு.

நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் பெட்டியை இழுத்து இறங்கினாள். சர்ர்ர்ர். படிக்குப் படி அதே சத்தம், இப்போது அவளிடமிருந்து. தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், எதிர்வீட்டு அக்கா தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "என்ன சங்கரி, டிவியா?" என்றாள். "இல்லக்கா, பார்சல்." ஆடிக் காற்று பெட்டியை அவளுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனது. கோயிலைத் தாண்டும்போதே தெரிந்தது, திறந்த கதவின் டியூப்லைட் வெளிச்சம் ரோட்டில் பாயாய் விரிந்து கிடந்தது. டெட்டாலும் ஊதுபத்தியும் அதற்கெல்லாம் அடியில் ஓடுகிற அந்த வாடையும். வாசலில் யாரோ ஒருவர் சைக்கிளை நிறுத்தாமல் காலை ஊன்றி, "சார் இப்பம் எப்படி இருக்காரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார், கண் கட்டில் மேல் இருந்தது. கட்டிலில் ஒரு கை போர்வையை இழுத்தது. சங்கரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த ஆள் போகும்வரை நின்றாள்.

"யாரு?" என்று மிஸ் வெளியே வந்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "சங்கரி, மிஸ். பார்சல்." மிஸ் பெட்டியைச் சுற்றி வந்து நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். "படம் இல்ல." "இல்ல மிஸ்." "நீ எதுக்குடி கொண்டு வர்ற? அதுக்குன்னு பையன் வருவான்னியே." "எல்லாருக்கும் வந்தது எல்லாம் எங்க வீட்டுக்கு வந்திருக்கு மிஸ். அந்த அட்ரஸ் என் அட்ரஸ். நான் மாத்தச் சொல்லவே இல்ல." "உள்ளது உள்ளபடின்னு சொன்னியே?" "ஆமா மிஸ்." "நான் கமாவைக்கூட விடலையேடி." சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். சங்கரிக்குத்தான் கண் கலங்கியது. "வந்த மத்ததை எல்லாம் திருடன்னு நெனச்சு விரட்டிட்டேன் மிஸ். நாளைக்கு வகுப்பை மூடிருவாங்க. ஒண்ணாவது வந்துச்சுன்னு காட்டலாம்னா, வந்தது இது ஒண்ணுதான். இதைக் காட்ட முடியாது. போர்வைன்னு சொல்லிரலாமா?" "பொய் சொல்லவா உனக்குக் கையெழுத்துச் சொல்லிக்குடுத்தேன்? எனக்கு வந்துச்சுன்னு நான் எந்திரிச்சுச் சொல்லுவேன். என்ன வந்துச்சுன்னு நயினார் கேட்டா, உம்ம வேலையைப் பாரும்னு சொல்லுவேன். நீ உன் தப்பை உன் வாயால சொல்லு. எல்லாரையும் திரும்பப் போடச் சொல்லு. எனக்கும் அட்ரஸை எப்படி மாத்துறதுன்னு சொல்லிக்குடு, அடுத்த மாசமும் வேணும்லா." உள்ளே கட்டிலில் இருந்து ஏதோ ஒரு குழறல். "வாரேன், வாரேன், வந்துருச்சு" என்றார் மிஸ் அந்தப் பக்கம் திரும்பி, இவ்வளவு நேரம் பேசாத ஒரு குரலில். "நீ போம்மா, பிள்ளைக்குக் காத்து."

பெட்டியை உள்ளே இழுத்தார். ஒரு கதவைச் சாத்தினார். திறந்தே கிடந்து தரையோடு தங்கிப்போன மற்ற கதவை முழங்காலால் உந்தி நகர்த்தினார். ரோட்டில் விரிந்து கிடந்த வெளிச்சம் மெலிந்து மெலிந்து ஒரு கோடாகி, இல்லாமல் ஆனது. போகச் சொன்னார், சங்கரி போகவில்லை. உள்ளே தாழ்ப்பாள் நகரமாட்டேன் என்றது. துருப்பிடித்த இரும்பு கிரீச்சிட்டது, நின்றது, மறுபடி கிரீச்சிட்டது. தாமிரா தோளில் அசைந்து, கழுத்தில் மூச்சு விட்டாள். சங்கரியின் காலியான கை அவளை அறியாமல் உயர்ந்து, இருட்டில், இல்லாத ஒன்றைப் பிடித்து மேலே தள்ளிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் மிஸ். இன்னும் கொஞ்சம். கிரீச். அப்புறம் உள்ளே, இரும்பு நிலையில் போய் விழுந்த சத்தம், டக்.